அப்பாவின் கதையை மாடுகளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். நாற்பது வருடம் கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். வருடத் திதிக்குள் அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போடலாம் என்று அண்ணன் சொன்னான். எழுதும் பொறுப்பு என் தலையில். உட்கார்ந்தால் 'பிறந்தார், மாடு வளர்த்தார், எங்களைப் படிக்க வைத்தார்' என்பதோடு நின்றுவிடுகிறது. அம்மாவைக் கேட்டால், "என்னத்தச் சொல்ல, மாடும் பாலுந்தான்" என்கிறார். எனக்கு நினைவிருப்பதெல்லாம் அவர் எங்கள் பள்ளிக்கோ, ஒரு விசேஷத்துக்கோ வந்து முழுசாக ஒரு நாள் இருந்ததே இல்லை என்பதுதான். இன்னொன்றும் இருக்கிறது. நான் ஒன்பதாவது படிக்கும்போது, தண்ணீர் கலந்த பால் என்று சொல்லி சொசைட்டியில் அவர் பாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரே பேசியது. அண்ணன் அதைத் தொடவே கூடாது என்கிறான். வீட்டில் இன்னும் இரண்டு மாடுகள் நிற்கின்றன. திதிக்கு முன்னால் விற்றுவிடலாம் என்று பேச்சு. இந்தப் புத்தகத்தை எப்படி எழுதுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

மாடுகளை விற்பதை இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியுமா, கட்டுப்படியாகுமா என்பதெல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. புத்தகத்துக்காகத்தான் சொல்கிறேன். குடும்பங்களுக்கு வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். வாத்தியார், மளிகைக்கடைக்காரர், லாரி டிரைவர் என்று யாரைப் பற்றியும் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடலாம். பால்காரக் குடும்பத்தில் அது நடக்காது. கதை கட்டுத்தறியில்தான் வரும். சாயங்காலம் அம்மா தண்ணி காட்டும்போது, தவிடு கரைக்கும்போது, நீங்களும் பக்கத்தில் நின்று ஒரு கை கொடுங்கள். போனை ரெக்கார்டிங்கில் போட்டுச் சட்டைப்பையிலோ ஜன்னலிலோ வைத்துவிடுங்கள். கட்டுத்தறி காலியான பிறகு போய்க் கேட்டால், இப்போது சொன்ன பதிலையே இன்னும் சுருக்கிச் சொல்வார்.

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. வருடத்துக்கு 730. தீபாவளிக்கும் உண்டு, வீட்டில் இழவு விழுந்த அன்றைக்கும் உண்டு. நம் நினைவு மலர்களின் வழக்கமான வடிவம் மாதச் சம்பளக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை: படிப்பு, வேலை, கல்யாணம், பதவி உயர்வு, வீடு, ஓய்வு. அதை உங்கள் அப்பாவுக்கு மாட்டினால் தொளதொளவென்றுதான் இருக்கும். நீங்கள் மூன்று வரியில் நின்றுபோனதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அதனால் வருடவாரியாக எழுதாதீர்கள். மாடுவாரியாக எழுதுங்கள்.

அம்மாவிடம் "அப்பா எப்போது மாடு வாங்க ஆரம்பித்தார்?" என்று கேட்டால் வருடம் வராது. "முதல் மாடு என்ன நிறம்?" என்று கேட்டுப் பாருங்கள், மளமளவென்று வரும். செவலையா, மயிலையா, நெற்றியில் சுட்டி இருந்ததா? கருங்கல்பாளையம் சந்தையில் வாங்கியதா, ஆடியில் அந்தியூர்த் தேர்த்திருவிழாச் சந்தைக்குப் போய்ப் பிடித்துவந்ததா, இல்லை அம்மா கல்யாணத்தில் சீதனமாகக் கூட வந்ததா? சந்தையில் வாங்கியது என்றால் யார் கூடப் போனார்கள், தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து எந்த விலைக்கு முடித்தார், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கடைசிக் கேள்வியில் நிச்சயம் ஒரு நகை அடமானமாவது வெளியே வரும். அது யாருடைய நகை என்றும் கேளுங்கள்.

அப்புறம் அந்த மாடு போட்ட கிடாரிக்கன்று, அது பெரிதாகிப் போட்ட கன்று என்று இறங்கி வாருங்கள். இப்போது நிற்கும் இரண்டில் ஒன்றாவது அந்தப் பழைய மாட்டின் வழியில் வந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மாட்டுக்கும் அரைப் பக்கம் போதும்: எத்தனை ஈத்து (எத்தனை முறை கன்று போட்டது), எவ்வளவு கறந்தது, உதைக்குமா, யார் கைக்கு மட்டும் சுரப்பு விடும், கன்று செத்துப்போன சமயத்தில் எப்படிக் கறந்தார்கள், நஞ்சுக்கொடியை எந்த மரத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். சினை ஊசி போட்டுப் பிறந்த முதல் ஜெர்சிக் கலப்பு எது, அதைப் பார்த்து உங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, என்ன சொன்னார் என்பதைத் தவறவிடாதீர்கள். நாட்டு மாட்டிலிருந்து கலப்பினத்துக்கு மாறியது அந்தத் தலைமுறையின் பெரிய சண்டைகளில் ஒன்று. உங்கள் வீட்டுத் தேதிகளும் மாடுகளோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். "கருப்பி ரெண்டாம் ஈத்துக்கு நிக்கறப்போதான் நீ பொறந்த" என்று அம்மா சொன்னால், கருப்பியின் காலமும் உங்கள் அப்பாவின் வயதும் ஒரே அடியில் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு மாடும் எப்படிப் போனது என்பதையும் எழுதுங்கள். இங்கே பலர் தயங்குவார்கள். கறவை வற்றிய கிழமாடும் காளைக்கன்றும் கடைசியில் எங்கே போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'மாடுகளைத் தன் பிள்ளைகளைப் போல் வளர்த்தார்' என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, வயதான மாடு வியாபாரியின் வண்டியில் ஏறிய நாளை விட்டுவிட்டால் புத்தகம் பொய்யாகிவிடும். அன்றைக்கு அப்பா கயிற்றைக் கையில் கொடுத்தாரா, தலைக்கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டாரா, வீட்டில் சாப்பிட்டாரா என்று அம்மாவுக்குத் தெரியும்.

அடுத்து, சொசைட்டி பாஸ்புக். தேடி எடுங்கள். பரண், டிரங்குப் பெட்டி, பீரோவில் பத்திரங்களுக்கு அடியில் என்று எங்காவது ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். இதில் ஒரு அவசரம் இருக்கிறது. பழைய அட்டைகளில் பேனாவால் எழுதியது அப்படியே நிற்கும். பாலைச் சோதிக்கும் மெஷின் வந்த பிறகு கொடுத்த குட்டிச் சீட்டுகள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள், சில வருடங்களில் வெளுத்துப்போகும். இந்த வாரமே எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். விட்டுப்போன வருடங்களுக்கு சொசைட்டி செயலாளரைப் போய்ப் பாருங்கள். உறுப்பினர் பதிவேட்டில் அப்பா சேர்ந்த தேதியும் எண்ணும் இருக்க வேண்டும். பழைய லெட்ஜர்கள் கரையான் அரிக்காமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அது அவருடைய டைரி. கன்று போட்டதும் லிட்டர் ஏறும், ஆறேழு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். அடுத்த கன்றுக்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்திவிடுவார்கள். ஒற்றை மாடு வைத்திருந்த காலத்தில் பாஸ்புக்கில் அந்த இரண்டு மாதமும் வெறும் கோடாக இருக்கும். அப்போது குடும்பம் எதை வைத்துச் சாப்பிட்டது? இந்த ஒரு கேள்விக்கு அம்மா ஒரு மணி நேரம் பேசுவார். அதேபோல் நடுவில் திடீரென்று லிட்டர் சரிந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2013-இல் தமிழ்நாட்டில் கோமாரி பரவிப் பல ஊர்களில் மாடுகள் விழுந்தன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். வைக்கோலும் சோளத்தட்டும் கிடைக்காமல் மாட்டை விற்றவர்கள் அநேகம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டீக்கடைகள் மூடின. அந்த மாதங்களில் உங்கள் வீட்டு எண்கள் என்ன சொல்கின்றன? ஒன்றுமே மாறவில்லை என்றால் அதுவும் சேதிதான். அப்பா எப்படிச் சமாளித்தார் என்று கேட்கலாம்.

ஊருக்கு சொசைட்டி வருவதற்கு முன்னால் பால் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் பக்கமெல்லாம் பாலைத் தயிராக்கி, கடைந்து, வெண்ணெயைத்தான் விற்றார்கள். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் வந்தது சும்மா இல்லை. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கி, 1981-இல் மாநிலக் கூட்டுறவு இணையம் பதிவாகி, கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற மூன்றடுக்கு ஏற்பாடு நிலைபெற்ற பிறகுதான் தினமும் பாலை ஊற்றி, பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒருமுறை கையில் காசு வாங்கும் வாழ்க்கை பரவலாக வந்தது. உங்கள் அப்பா அந்த முதல் வரிசை ஆட்களில் ஒருவர். அவ்வளவு சொன்னால் போதும். வெண்மைப் புரட்சியை நடத்திய குரியன் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டு, அது கிளம்பிய குஜராத் ஆனந்த் ஊரின் வரலாற்றை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சித்தப்பாவோ பெரியம்மாவோ அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுத் தங்கள் பெயர் வரும் இடத்தைத்தான் தேடுவார்கள்.

சரி, அந்தத் தண்ணீர் விஷயம்.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். போசியில், அதாவது பால் பாத்திரத்தில், கொண்டுபோன பாலில் கொஞ்சம் எடுத்து, அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். தண்ணீர் சேர்ந்திருந்தால் பாலின் அடர்த்தி குறையும், லாக்டோமீட்டர் கூடுதலாக மூழ்கும். 28, 30 என்று காட்ட வேண்டியது இறங்கிவிடும். "டிகிரி நிக்கல" என்பார்கள். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் அது விழும். ஆனால் டிகிரி நிற்காததற்குத் தண்ணீர் மட்டும்தான் காரணம் என்றில்லை. கறந்த சூடு ஆறாமல் ஊற்றினால் டிகிரி குறைத்துக் காட்டும். கொழுப்பு அதிகமுள்ள பாலிலும் கொஞ்சம் இறங்கும், ஏனென்றால் கொழுப்பு லேசானது. மடிநோய் வெளியே தெரியாமல் ஆரம்பித்திருந்தாலும், கோடை வெயிலில் மாடு சரியாகத் தின்னாமல் இருந்தாலும் பாலின் கொழுப்பு நீங்கலான சத்து குறையும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிக்காமல் கறந்தாலும் அப்படித்தான். கந்தக அமிலம் ஊற்றிச் சுழற்றிப் பார்க்கும் சோதனை கொழுப்பைச் சொல்லுமே தவிர, தண்ணீர் ஊற்றினாரா என்று நேராகச் சொல்லாது.

உடனே 'அப்பா நிரபராதி' என்று ஒரு அத்தியாயம் எழுதிவிடாதீர்கள். அவர் ஊற்றியிருக்கவும் கூடும். மாடு வற்றும் நேரம், பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டிய மாதம், அரை லிட்டர் தண்ணீர் என்ன தருமென்று ஒரு காலைப்பொழுதில் தோன்றியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எந்த மாதம், அப்போது எத்தனை மாடு கறவையில் இருந்தது, அது எத்தனையாவது மாதப் பால் என்று பாஸ்புக்கிலும் அம்மாவிடமும் பாருங்கள். அந்த வாரத்தில் மாட்டுக்கு வைத்தியம் பார்த்த நினைவு யாருக்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது பாஸ்புக்கின் அடுத்த வரி. திருப்பி அனுப்பிய அன்று சாயங்காலம் பால் ஊற்றியிருக்கிறாரா? மறுநாள்? ஒரு வாரம் இடைவெளி விட்டு, பாலை டீக்கடைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்தாரா? ஊரே பேசிய பிறகு அதே வரிசையில், அதே ஆட்களுக்கு நடுவில், அதே போசியோடு போய் நிற்க வேண்டியிருந்த மனிதர் அவர். வேலையை விட்டுவிடவோ ஊர் மாற்றிக்கொள்ளவோ அவருக்கு வழி இல்லை, மாடு கறந்துகொண்டிருந்தது. தண்ணீர் கலந்தாரா இல்லையா என்பதை விட, அந்த மறுநாள்தான் எழுத வேண்டியது.

அண்ணனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: முதலில் எழுதுகிறேன், அச்சிடுவதை அப்புறம் முடிவு செய்யலாம். இரண்டும் வேறு வேறு. எழுதிய பிறகு அம்மா படித்துவிட்டு, அல்லது கேட்டுவிட்டு, "வேண்டாம் சாமி" என்றால் அச்சில் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கங்கள் உங்கள் நோட்டில் இருக்கட்டும். அம்மா சரி என்றால் அண்ணனுக்கு மறுப்பு இருக்காது என்றே நினைக்கிறேன். எப்படி இருந்தாலும் அன்று டிகிரி பார்த்தவர் பெயர், செயலாளர் பெயர் எதுவும் வேண்டாம். அவர்கள் பிள்ளைகளும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

அம்மா என்றதும் சொல்ல வேண்டியது. நீங்கள் எழுதிய கடிதத்தில் மாடு வளர்த்தவர், கறந்தவர், ஊற்றியவர் எல்லாம் அப்பா. எங்கள் தொழிலில் பால்காரக் குடும்பங்களைப் பற்றி வரும் குறிப்புகள் எல்லாமே இப்படித்தான் வருகின்றன. சொசைட்டி அட்டையில் ஆண் பெயர் இருப்பதால் கதையிலும் அவரே இருப்பார். சாணி அள்ளியது யார்? தட்டு வெட்டிப் போட்டது, புண்ணாக்கு ஊறவைத்தது, நடுராத்திரி கன்று போடும்போது அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் கட்டைவிரல் முட்டியைப் பாருங்கள். காம்பைக் கட்டைவிரல் மடக்கிப் பீச்சுகிறவர்களுக்கு அந்த இடத்தில் காய்த்துப் போயிருக்கும். அப்படிப் பீச்சினால் காம்பு கெடும், முழுக்கையால் கறங்கள் என்று மாட்டு டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், யார் கேட்டார்கள்! அந்தக் காய்ப்பு அவர் விரலில் இருந்தால் உங்கள் அப்பாவைப் பற்றிய புத்தகத்தில் பாதி அம்மாவைப் பற்றியது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் யார் கறந்தார்கள் என்று கேளுங்கள். பழகாத கைக்குச் சில மாடு சுரப்பு விடாது என்று, கறந்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் உட்காருவார்கள். உங்கள் வீட்டில் அதற்கு அவசியமே வந்திருக்காது என்று என் ஊகம்.

கடைசியாக, அவர் உங்கள் பள்ளிக்கு வராதது. நேரத்துக்குக் கறக்காவிட்டால் மடி கட்டும், மாடு வலியில் துடிக்கும், பால் குறையும், மடிநோயில் கொண்டுபோய் விடும். ஆகவே கோயம்புத்தூரில் கல்யாணம் என்றால் முகூர்த்தம் முடிந்ததும் இலையில் உட்கார்ந்து எழுந்து, மத்தியான பஸ்ஸைப் பிடித்தால்தான் சாயங்காலக் கறவைக்கு வர முடியும். இந்தக் காரணத்தை எழுதுங்கள். ஆனால் 'குடும்பத்துக்காக உழைத்தார்' என்ற வரியை மேலே போட்டு உங்கள் கோபத்தை மூடிவிடாதீர்கள். ஆண்டு விழாவில் பரிசு வாங்கிவிட்டு ஒரு சிறுமி கூட்டத்தில் யாரைத் தேடினாள் என்பதும் இந்தக் கதையில் உண்டு. காரணம் தெரிந்துவிட்டதால் அன்றைய வருத்தம் இல்லாமல் போய்விடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுங்கள், சமாதானம் சொல்ல வேண்டாம். அம்மா கறக்கத் தெரிந்தவர் என்றால், அப்பா ஏன் ஒரு நாள்கூட அவர் கையில் விட்டுவிட்டு வரவில்லை என்ற கேள்வியும் எழும். அதை அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம்.

அச்சு வேலை சுலபம். நாற்பது, ஐம்பது பக்கம் போதும். பெரியவர்கள் படிப்பார்கள், எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். ஸ்டூடியோவில் எடுத்த அப்பா படம் ஒன்று போதும். பட்டிப்பொங்கலன்று மாட்டோடு நிற்கும் படம் கிடைத்தால் மங்கலாக இருந்தாலும் அதை அட்டைக்கு எடுங்கள். பாஸ்புக்கின் ஒரு பக்கத்தை அப்படியே உள்ளே போடுங்கள், கணக்கு எண் தெரியாமல் மறைத்துவிட்டு. பின்பக்கம் மாடுகளின் வம்சாவளி ஒரு படமாக வரட்டும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப்போவது அதுதான். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் முழுவதையும் அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். மாட்டின் நிறத்தையும் ஈத்தையும் அவர் திருத்துவார், திருத்தியபடியே போடுங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் அவர் காது உங்களிடம் இருக்காது.